ஓலையும் ஒளித்திரையும்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

முன்னுரை

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் மின்னணுக் கருவிகளைப் பற்றி எழுதப் புகுவது இம்மலரைப் படிக்கும் அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். இலக்கணமும் இலக்கியமும் ஒரு கரை, மின்பொறி மறுகரை என்றே யானும் இவ்வாண்டின் தொடக்கம் வரை எண்ணியிருந்தேன். ஓலை ஒன்றில் பொறித்திருந்த ஒரே ஓர் எழுத்தைப் பற்றிய ஐயம் என்னை அம்மறுகரைக்கு இட்டுச் சென்றது. அவ்வையம் எழுந்து தீர்ந்த வரலாற்றைக் கூறுமுகத்தான், எப்.பி.ஜி.ஏ. எனப்படும் சில்லினின்றும் சாம்பல் நிறப் படமும் வண்ணப் படமும் மானிட்டர்த் திரையில் எங்ஙனம் தோன்றுகின்றன என்பதை இயன்ற அளவு எளிமையாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் பாட்டியாரின் தந்தையார் ஊர் மருத்துவர். அவர் தம் கையால் எழுதிய வைத்திய ஏடு ஒன்றைப் பாட்டியார் துணியிற் பொதிந்து பெட்டகத்தில் வைத்துக் காத்து வருகின்றார். அதனை வீட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல எவருக்கும் இசைவு அளிப்பதில்லை. ஆகலின் யான் பள்ளியிறுதி வகுப்பிற் பயின்ற காலத்து எடுத்து வைத்த கறுப்பு வெள்ளை ஒளிநகல் ஒன்றையே துணையாகக் கொண்டு, அவ்வேட்டினைப் பெயர்த்து எழுதும் முயற்சியில் ஈடுபட்டிருந்தேன். அதில் ஓரிடத்தில் சேராங்கொட்டையின் நிறை சொல்லப்பட்டுள்ளது. அவ்விடத்தில் ஒன்று என்பதைக் குறிக்கும் ககர வடிவம் நிற்பதாக யான் கண்டு, “ஒரு பலம்” என எழுதினேன். பாட்டியாரோ, “கால் பலந்தான் ஐயா, அப்பா நிறுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்” என்றார். கால் என்பதை நம் முன்னோர் வகர வடிவால் எழுதுவர் என்பது தமிழ் மாணவர் அறிந்ததே. முதுமையால் அவர்க்கு நினைவு பிறழ்ந்தது போலும் எனக் கருதி, என் படிப்பையே மேலாகக் கொண்டேன்.

சேராங்கொட்டை முறைப்படி சுத்தி செய்யாது உட்கொள்ளின் பெருந்தீங்கு விளைப்பது. அதன் அளவு நான்கு மடங்கு மாறுபடுவது சிறு பிழையன்று. இந்நிலையில், விடுதியில் என் அறைத்தோழராகிய மின்னணுவியல் மாணவர் தம் செய்முறைப் பயிற்சிக்கென ஒரு படம் வேண்டும் என்றார். விடுமுறையிற் கைப்பேசியால் எடுத்து வந்த ஓலையின் படத்தை அவரிடம் கொடுத்தேன். அன்று தொடங்கியது எங்கள் ஆய்வு.

சில்லின் இயல்பு

நாம் நாளும் பயன்படுத்தும் கணினியின் உள்ளிருக்கும் செயலி, கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி நிறைவேற்றும் தன்மையது. எப்.பி.ஜி.ஏ. அத்தகையதன்று. அதனுள் சிறு சிறு தருக்கக் கூறுகளும், அவற்றை இணைக்கும் கம்பி வழிகளும் நிறைந்து கிடக்கின்றன. எக்கூறு எதனோடு சேர வேண்டும், ஒவ்வொன்றும் என்ன விடை தர வேண்டும் என்பதை நாமே எழுதி அனுப்பலாம். அனுப்பியவுடன் அச்சில் நாம் விரும்பிய மின்சுற்றாகவே மாறிவிடுகின்றது. மரப்பலகையில் ஒரு பக்கம் முழுவதையும் செதுக்கிவிட்டால் பின்னர் மாற்ற இயலாது. தனித்தனி எழுத்தச்சுகளைக் கோத்தால் ஒரு பக்கம் அச்சிட்டபின் கலைத்து வேறு பக்கம் கோக்கலாம். ஏனைய சில்லுகள் செதுக்கிய பலகை போல்வன. இதுவோ கோத்த அச்சு போல்வது. மின்னோட்டம் நின்றவுடன் கோப்பும் கலைந்துவிடும். மீண்டும் தொடங்குங்கால் சேமித்து வைத்த இடத்தினின்றும் அதனை ஏற்றிக்கொள்ளல் வேண்டும்.

இவ்வகைச் சில்லினை சைலிங்ஸ் என்னும் நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அம்முதற் சில்லில் இருந்த தருக்கக் கூறுகள் 64 மட்டுமே. எங்கள் ஆய்வுக்குக் கிடைத்த பேசிஸ் 3 என்னும் பயிற்சிப் பலகையிலுள்ள ஆர்டிக்ஸ் 7 வகைச் சில்லிலோ, ஆறு உள்ளீடுகள் கொண்ட விடைப்பட்டியல்கள் 20,800 உள்ளன. ஓர் உள்ளீடு 0 அல்லது 1 என இரு நிலையே கொள்ளும். ஆறு உள்ளீடுகள் 64 வகையாக அமையும். அவ்வொவ்வொன்றிற்கும் உரிய விடையை அப்பட்டியல் நினைவிற் கொள்கின்றது. இங்ஙனம் விடைப்பட்டியல்களை இணைத்தே கூட்டலும் ஒப்பிடலும் எண்ணலும் ஆகிய எல்லாச் செயல்களும் நடைபெறுகின்றன. சுற்றின் இயல்பை வெரிலாக் என்னும் மொழியில் எழுதினோம். அம்மொழியில் எழுதும் வரிகள் பல ஒரே காலத்து நிகழ்வன என்பதை உணர எனக்குச் சில நாள் ஆயிற்று. செய்யுளை வரிசையாகப் படித்துப் பழகியவனுக்கு இஃது எளிதன்று.

திரை படத்தை எழுதும் முறை

ஓலையில் எழுதுவோர் இடமிருந்து வலமாக எழுத்தாணியைச் செலுத்தி, வரி முடிந்ததும் கையை மீண்டும் இடப்புறம் கொணர்ந்து அடுத்த வரியைத் தொடங்குவர். ஓலை நிரம்பியதும் மறு ஓலையை எடுப்பர். மானிட்டர் படம் எழுதும் முறையும் இதுவே. பழைய கண்ணாடிக் குழல் திரைகளில் எலக்ட்ரான் கற்றை எழுத்தாணியாக இருந்தது. அது வலப்புற எல்லையினின்று இடப்புறம் மீள்வதற்குச் சிறிது காலமும், அடி முடிந்தபின் மேலே மீள்வதற்குச் சிறிது காலமும் வேண்டியிருந்தன. இக்காலத் தட்டைத் திரைகளில் அக்கற்றை இல்லை. ஆயினும் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.ஜி.ஏ. என்னும் முறையில் அந்த இடைவேளைகள் அவ்வாறே நிலைபெற்றுவிட்டன.

அம்முறையின்படி ஒரு வரியிற் காணத்தகும் படப்புள்ளிகள் 640, வரிகள் 480. ஆனால் காலக்கணக்கிற்கு ஒரு வரியில் 800 புள்ளிகள் உள்ளனவாகக் கொள்ளல் வேண்டும். 640-ஐ அடுத்து 16 புள்ளிக் காலம் வெறுமையாகச் செல்லும். பின்னர் 96 புள்ளிக் காலம் ஒத்திசைவுத் துடிப்பு. அதன்பின் 48 புள்ளிக் காலம் மீண்டும் வெறுமை. இவ்விரு வெறுமைகளையும் பொறிஞர் முன் திண்ணை எனவும் பின் திண்ணை எனவும் பொருள்படும் பெயர்களால் வழங்குகின்றனர். வீட்டினுள் நுழையுமுன் திண்ணையிற் சற்று இருந்து செல்வதுபோல, புதிய வரியில் நுழையுமுன் திரையும் சற்று இளைப்பாறுகின்றது. இவ்வாறே நெடுக்கிலும் 480 வரிகளுக்குப் பின் 10 வரி முன் திண்ணை, 2 வரி ஒத்திசைவு, 33 வரி பின் திண்ணை. ஆக 525 வரிகள். 800-ஐ 525-ஆற் பெருக்க 4,20,000 ஆகின்றது.

இவ்வளவையும் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை எழுதினாற்றான் கண்ணுக்கு நடுக்கமின்றித் தோன்றும். அதற்கென வகுத்த துடிப்பு 25.175 மெகாஹெர்ட்ஸ். எங்கள் பலகையில் இருந்த துடிப்போ 100 மெகாஹெர்ட்ஸ். அதனை நான்கால் வகுத்து 25 எனக் கொண்டோம். அப்பொழுது நொடிக்கு 59.52 முறை படம் எழுதப்படும். ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் காலம் 40 நானோ நொடி. இச்சிறு வேறுபாட்டை எங்கள் திரை பொறுத்துக்கொண்டது.

இனிச் சில்லினுள் வேண்டுவன இரண்டு எண்ணிகளே. ஒன்று 0 முதல் 799 வரை எண்ணும். அது முடியுந்தோறும் மற்றது ஒன்று கூடும். அது 524 வரை சென்று மீளும். முதலெண்ணி 656 முதல் 751 வரை இருக்கும்பொழுது குறுக்கு ஒத்திசைவுக் கம்பி தாழும். இரண்டாம் எண்ணி 490, 491 ஆகிய இரண்டிலும் நிற்கும்பொழுது நெடுக்கு ஒத்திசைவுக் கம்பி தாழும். இவ்விரண்டும் பிழையின்றி அமைந்தால், “இவ்விடத்தே வரி தொடங்குகின்றது, இவ்விடத்தே படம் தொடங்குகின்றது” என்பதைத் திரை தானே உணர்ந்துகொள்ளும்.

வண்ணம் எழும் வகை

ஒத்திசைவுக் கம்பிகள் இரண்டன்றிச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கம்பிகள் திரைக்குச் செல்கின்றன. அவற்றில் 0 வோல்ட் இருப்பின் இருள், 0.7 வோல்ட் இருப்பின் முழு ஒளி. இடைப்பட்ட அளவுகள் இடைப்பட்ட ஒளியைத் தரும். சில்லின் கால்களோ உயர்வு, தாழ்வு என இருநிலை மட்டுமே அறிவன. ஆகலின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் நான்கு கால்களை ஒதுக்கி, 510 ஓம், 1,000 ஓம், 2,000 ஓம், 4,000 ஓம் என ஏறத்தாழ இரட்டித்துச் செல்லும் மின்தடைகளின் வழியே ஒரே கம்பியிற் சேர்த்துள்ளனர். தடை குறைந்த கால் மிகுதியாகவும், தடை மிகுந்த கால் சிறிதாகவும் ஒளியைக் கூட்டும். நிறைகோலில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்னும் படிக்கற்களைக் கொண்டு 0 முதல் 15 வரை எந்நிறையையும் நிறுத்தல் கூடுவது போல, இந்நான்கு கால்களால் 16 ஒளிநிலைகள் கிடைக்கின்றன. மூன்று வண்ணங்களையும் கலக்க 16-ஐ மும்முறை பெருக்கிய 4,096 வண்ணங்கள் ஆகும்.

மூன்று கம்பிகளிலும் ஒரே எண்ணை அனுப்பினால் தோன்றுவது சாம்பல் நிறம். மூன்றும் 0 எனின் கறுப்பு. மூன்றும் 15 எனின் வெள்ளை. இடையே 14 சாம்பல் நிலைகள். ஆகவே இப்பலகையிற் சாம்பல் நிறப் படத்துக்கு வாய்த்த படிகள் 16 மட்டுமே என்பதை நினைவிற் கொள்க. எங்கள் இடர்ப்பாட்டின் வேர் இதுவே.

நினைவகத்தின் எல்லை

படம் திரையில் தோன்ற வேண்டுமெனின் அது சில்லின் நினைவகத்தில் இருத்தல் வேண்டும். எங்கள் சில்லினுள் உள்ள தொகுதி நினைவகம் 18,43,200 பிட் கொள்ளும். 640-க்கு 480 என்னும் அளவில் 3,07,200 புள்ளிகள் உள்ளன. கைப்பேசிப் படத்தில் ஒவ்வொரு சாம்பல் புள்ளிக்கும் வழங்கும் 8 பிட்டையும் வைத்தால் 24,57,600 பிட் வேண்டும், இடம் போதாது. 4 பிட் எனக் குறைத்தால் 12,28,800 பிட்; அஃது அடங்கும். வண்ணத்துக்குப் புள்ளி ஒன்றிற்கு 12 பிட் எனின் 36,86,400 பிட் ஆகி எல்லை கடந்துவிடும். ஆனால் 320-க்கு 240 எனப் படத்தைச் சுருக்கி, ஒவ்வொரு புள்ளியையும் குறுக்கே இருமுறையும் நெடுக்கே இருமுறையும் காட்டினால், 76,800 புள்ளிகளுக்கு 9,21,600 பிட் போதும். சுருங்கக் கூறின், நுண்மை வேண்டுவோர் வண்ணத்தை இழத்தல் வேண்டும். வண்ணம் வேண்டுவோர் நுண்மையை இழத்தல் வேண்டும்.

நினைவகத்தில் எப்புள்ளி எங்குள்ளது எனக் கணக்கிடுதல் எளிது. பாதியாக்கிய வரி எண்ணை 320-ஆற் பெருக்கி, பாதியாக்கிய புள்ளி எண்ணைக் கூட்டினால் முகவரி கிடைக்கும். 320 என்பது 256-உம் 64-உம் சேர்ந்தது. இருமான எண்முறையில் இவ்விரண்டாலும் பெருக்குவது இலக்கங்களை இடம்பெயர்ப்பது மட்டுமே. ஆகவே ஒரு கூட்டலோடு பெருக்கலும் முடிந்துவிடும்.

நேர்ந்த பிழைகள்

முதல் நாள் திரையில் ஓலை தோன்றியது. ஆயினும் படம் முழுவதும் மங்கி நிறம் திரிந்து காணப்பட்டது. திண்ணைக் காலத்தில் வண்ணக் கம்பிகளை இருளாக வைக்க நாங்கள் மறந்திருந்தோம். கறுப்பு என்பது எவ்வளவு என்பதைத் திரை அவ்விடைவேளையிலேயே அளந்து அறிகின்றது. அவ்வேளையில் ஒளியை அனுப்பினால் அதனையே கறுப்பு எனக் கொண்டு ஏனையவற்றையும் தவறாக மதிப்பிடும். அளவுகோலே பிழையானால் அளந்தவை எல்லாம் பிழையாதல் இயல்பன்றோ?

இரண்டாம் நாள் இடப்புற ஓரத்தில் நூலளவான பொய்க்கோடு ஒன்று நின்றது. முகவரியைக் கொடுத்த அத்துடிப்பிலேயே நினைவகம் விடை தருவதில்லை. அடுத்த துடிப்பிலேதான் தருகின்றது. நினைவகத்தையும் அந்த 25 மெகாஹெர்ட்ஸ் துடிப்பிலேயே இயக்கியமையால் ஒவ்வொரு புள்ளியும் ஓரிடம் தள்ளியே வந்து சேர்ந்தது. முதலிடத்தில் முன்னர் எஞ்சி நின்ற வேற்றுப் புள்ளி தோன்றியது. இறுதிப் புள்ளி மறைந்தது. ஒத்திசைவுக் குறிகளையும் இருள் காக்கும் குறியையும் அதே அளவு, அஃதாவது ஒரு துடிப்பு, தாழ்த்தி அனுப்பியவுடன் கோடு நீங்கிற்று. உடன் செல்வோர் அனைவரும் ஒரே அளவு தாமதித்தால் எவரும் பிந்தியவராகார்.

எழுத்து மறைந்ததும் தோன்றியதும்

இவ்வளவும் சீர்ப்பட்டபின் சாம்பல் நிறப் படத்தை 640-க்கு 480 அளவில் ஏற்றினோம். ஓலை தெளிவாகத் தெரிந்தது. ஓரமும் துளையும் தெரிந்தன. எழுத்துகளிற் பலவற்றைக் காணோம்! ஓலையில் எழுத்தாணி கீறிய பள்ளங்களில் மை பூசினாலன்றி எழுத்து விளங்காது. காலப்போக்கில் மை உதிர்ந்த இடங்களில் எழுத்துக்கும் ஓலைக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. 256 நிலைகள் உள்ள மூலப்படத்தில் ஓலையின் எண் 124 எனவும் எழுத்தின் எண் 116 எனவும் கொள்வோம். அவற்றை 16 நிலைகளாகக் குறைக்கப் பதினாறால் வகுத்தால் இரண்டும் 7 ஆகின்றன. வேறாக இருந்தவை ஒன்றாகிவிட்டன. எழுத்து ஓலையினுள் மறைந்துவிட்டது. இங்ஙனம் ஒருமுறை ஒன்றானபின் எந்தச் சுற்றாலும் அவற்றைப் பிரித்தல் இயலாது.

இதற்கு மாற்று யாது? ஓலையின் படத்தில் 0 முதல் 255 வரை எல்லா எண்களும் பயின்று வரவில்லை. பெரும்பாலும் 90 முதல் 153 வரையே வந்தன. எஞ்சிய நிலைகளுக்குப் படிகளை ஒதுக்கி வீணாக்குவானேன்? ஒவ்வோர் எண்ணினின்றும் 90-ஐக் கழித்து, எஞ்சியதை நான்கால் வகுத்து, முழு எண்ணை மட்டும் கொண்டோம். 90-க்குக் குறைந்தவற்றை 0 எனவும் 153-க்கு மிக்கவற்றை 15 எனவும் வைத்தோம். இப்பொழுது 124 என்பது 8 ஆகும்; 116 என்பது 6 ஆகும். இரண்டும் வேறாயின. நினைவகத்தில் இடுமுன் இக்கணக்கைக் கணினியிற் செய்து ஏற்றியபொழுது, மறைந்த எழுத்துகள் வரிவரியாக மீண்டும் தோன்றின. அன்றிரவு நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அவ்வரிகளுள் ஐயத்துக்கு உரிய எழுத்தும் தோன்றிற்று. அது ககரமாகவே காணப்பட்டது. “பார்த்தீரா, ஒரு பலந்தான்” என்று தோழரிடம் பெருமிதத்தோடு கூறினேன். அவர் மறுமொழி கூறாது, “வண்ணத்தையும் பார்த்துவிடுவோம்” என்றார். வண்ணத்துக்குப் படம் சுருங்க வேண்டுமே என்று யான் தயங்க, “ஓலை முழுதும் நமக்கு எதற்கு? நீர் ஐயுறும் எழுத்தும் அதன் அயலும் மட்டும் போதுமே” எனக் கூறி, மூலப்படத்தில் அப்பகுதியை மட்டும் 320-க்கு 240 புள்ளிகளாக வெட்டி எடுத்தார். அதனால் நுண்மையிற் சிறிதும் குறையவில்லை.

திரையில் அவ்வெழுத்து எழுந்தது. அதன் கோடுகளுள் சில கருஞ்சாம்பல் நிறமாக இருந்தன. அவை மை தங்கிய கீறல்கள். ஒன்று மட்டும் செம்பழுப்பு நிறமாக இருந்தது. அஃது ஓலையின் வெடிப்பு. வெடிப்பை நீக்கிப் பார்த்தால் எஞ்சி நின்றது வகரம். என் பாட்டியார் கூறியது போலக் கால் பலமே!

சாம்பல் நிறப் படம் இதனைக் காட்டாது ஒழிந்தது ஏன்? வண்ணத்தைச் சாம்பல் நிறமாக்குங்கால் சிவப்பின் 0.299 பங்கையும், பச்சையின் 0.587 பங்கையும், நீலத்தின் 0.114 பங்கையும் கூட்டுவர். நம் கண் பச்சையொளியை மிகுதியாகவும் நீலவொளியைக் குறைவாகவும் உணர்வதே அப்பங்கீட்டுக்குக் காரணம். சில்லினுள் இக்கணக்கைச் செய்வோர், முறையே 77, 150, 29 ஆகிய முழு எண்களாற் பெருக்கிக் கூட்டி 256-ஆல் வகுப்பர். வெடிப்பின் வண்ணம் சிவப்பு 120, பச்சை 100, நீலம் 60 எனக் கொள்க. பெருக்கிக் கூட்ட 25,980, வகுக்க 101. மையின் வண்ணம் மூன்றும் 101 எனக் கொள்க. அதற்கும் விடை 101. மூன்று எண்களை ஓரெண்ணாகச் சுருக்கியபொழுது வெடிப்பும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. படிகளை விரித்ததனால் இப்பிழை நீங்காது. ஏனெனில் விரிப்பதற்கு முன்னரே வேறுபாடு அழிந்துபோயிற்று. வண்ணப் படத்திலோ பதினாறால் வகுத்த பின்னும் வெடிப்பு 7, 6, 3 எனவும், மை 6, 6, 6 எனவும் நின்று தம் வேற்றுமையைக் காட்டின. யான் பல திங்கள் நம்பியிருந்த கறுப்பு வெள்ளை ஒளிநகலும் இவ்வாறே என்னை ஏமாற்றியிருந்தது.

முடிவுரை

“இத்துணை முயற்சி எதற்கு? கைப்பேசியிலேயே அப்படம் வண்ணத்தோடு இருந்ததே” என ஒருவர் வினவலாம். வினா தக்கதே. படம் என் கையிலேயே இருந்தது. வேறுபாடும் அதில் இருந்தது. ஆனால் ககரம் என்று முன்னரே முடிவு செய்துவிட்ட என் கண் அதனைத் தேடிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிட்டையும் எங்கு வைப்பது, எதனை விடுப்பது என எண்ணி எண்ணி இடம் ஒதுக்க நேர்ந்தபொழுதுதான், ஒரு படத்தில் எவ்வளவு உள்ளது என்பதும், அதனைச் சுருக்கும்பொழுது எது நம்மை விட்டுச் செல்கின்றது என்பதும் எனக்கு விளங்கின. இயந்திரம் பிழை செய்யவில்லை. நாம் கேட்ட கணக்கையே அது செய்தது. எதனை இழக்கலாம் என்று முடிவு செய்தவர் நாம்.

பழஞ்சுவடிகளைப் படம்பிடித்துக் காக்கும் பணி இக்காலத்துப் பல இடங்களில் நடைபெறுகின்றது. அப்பணியில் ஈடுபட விரும்பும் நம் கல்லூரித் தமிழ் மாணவர்க்கு யான் பணிவுடன் கூற விழைவது இது: சாம்பல் நிறத்திற் சேமித்தால் இடம் மிஞ்சும் என எவரேனும் சொல்வாராயின், மிஞ்சும் இடத்தோடு போகும் எழுத்தையும் எண்ணிப் பார்க்க. இயலுமிடத்தெல்லாம் வண்ணத்தில் எடுத்து, முழு அளவிற் காத்து, படிப்பதற்கு மட்டும் படிகளை விரித்துக் காண்க. மின்னணுவியல் பயிலும் நண்பர்க்கும் ஒரு சொல்: உங்கள் ஆய்வுக்கூடத்தில் வண்ணப் பட்டைகளை மட்டும் காட்டி நிறுத்திவிடாது, எங்கள் துறையின் கதவையும் ஒருமுறை தட்டுக. உங்கள் திரைக்கு ஏற்ற படங்கள் எங்களிடம் உள்ளன. எங்கள் ஐயங்களுக்கு ஏற்ற கருவிகள் உங்களிடம் உள்ளன.

என் பெயர்ப்பில் “ஒரு பலம்” என்றிருந்ததை அடித்துக் “கால் பலம்” எனத் திருத்தினேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்று பாட்டியாரிடம் நடந்ததைக் கூறி, பிழை பொறுக்குமாறு வேண்டினேன். அவர் நகைத்து, ஏட்டினை மீண்டும் துணியிற் பொதிந்தார். பின்னர், “இன்னும் எத்தனை இடத்தில் ஐயம் இருக்கிறது, சொல், எனக்கு நினைவு இருக்கும்போதே கேட்டுக்கொள்” என்றார். சில்லின் நினைவகத்துக்கு எல்லை உண்டு என்று கணக்கிட்ட யான், அவர் நினைவுக்கும் எல்லை உண்டு என்பதை அப்பொழுதுதான் எண்ணினேன். அவ்விடுமுறை முழுவதும் அவர் அருகில் அமர்ந்து எழுதினேன்.